மாதத்தின் சிறந்த பணியாளர்

நோர்வேயிலிருந்து ஜீவகாந்தன் அண்ணர்
குரற்பதிவு அனுப்புகிறார்:
"ஊக்கம் குடுக்கணும் தங்கச்சி.
ஊக்கம் இல்லாட்டி ஆக்கள் சும்மாதான் நிப்பாங்க."
பின்னால் அவருடைய கார்
மழையைத் துடைக்கும் சத்தம்.

இங்கே உன்னிச்சையில்
கச்சான் காற்று
கச்சான் செடியில் புழுதியை வாரிப் போடுகிறது.
இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்தவன்
எந்த ஆனி மாதம்
எந்த வரம்பில் கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றானோ.

பதினொரு பெண்கள், இரண்டு ஆண்கள்,
ஆறு ஏக்கர், ஒரு கொப்பி.
கொப்பியில் சிவப்புப் பேனை நான்.
எட்டு மணி தாண்டினால் ஒரு கோடு,
ஐந்துக்கு முந்திப் போனால் அரை நாள்.
'மகளுக்குக் காய்ச்சல்' என்று எழுத
கட்டம் அடிக்கவில்லை.

ஐந்து லீற்றர் பிரஷர் குக்கர்,
மட்டக்களப்பு டவுனில் வாங்கி
மினுங்கல் கடதாசி சுற்றி,
முதிரை மரத்தடியில் எல்லோரையும் நிறுத்தி
அருந்தவமலரிடம் கொடுத்தேன்.
நாளுக்கு நாலு சாக்கு,
மற்றவர்களைவிட ஒரு சாக்கு கூட.
கைதட்டச் சொன்னேன்.
தட்டினார்கள்,
தகரத்தில் விழுந்து நின்றுபோன
தூறல் மாதிரி.

மறுநாள்
அவளுக்கு இந்தப் பக்கம் ஒரு நிரை வெறுமை,
அந்தப் பக்கம் ஒரு நிரை வெறுமை.
வெற்றிலைப் பை
அவளைத் தாண்டிக் கைமாறியது.
வெள்ளிக்கிழமை நிறுத்துப் பார்த்தேன்.
மூன்று. மூன்று. மூன்று.
அருந்தவமலரும் மூன்று.
ஒரு சொல் பேசாமல்
பதின்மூன்று பேர் எடுத்த தீர்மானம்.

வந்தாறுமூலையில் படிக்கும்போது
இதற்கு ஒரு பாடம் இருந்தது.
ஒரு பெயரும் இருந்தது.
எழுதிப் பாஸ் பண்ணினேன்.
பெயர் மட்டும் வரமாட்டேன் என்கிறது.

திங்கள் காலை
சைக்கிள் கரியரில் குக்கரைக் கட்டிக்கொண்டு வந்தாள்.
"கோவிக்காதீங்க மிஸ்,
இது வீட்ட கிடந்தா நித்திர வருதில்ல."
வாடிக்குப் பக்கத்தில் மூன்று கல்.
விற்க உதவாத உடைசல் கச்சான், குளத்துத் தண்ணீர், உப்பு.
முதல் விசிலுக்கு
ஒரு முதுகு நிமிர்ந்தது.
மூன்றாம் விசிலுக்கு
எல்லோரும் அடுப்படியில்.
நானும்தான்.
தனியாக நின்று என்னத்தை எண்ண?

ஓட்டை உடைத்தபடி சொன்னவள் பூரணம்,
என்னைப் பார்க்காமல்,
கச்சானிடம் சொல்வதுபோல:
"விடிய ஆறுக்குத் தொடங்குவம்,
ரெண்டரைக்கு விடுங்க.
நாலுக்குப் பிறகு
றோட்டு எங்கட இல்ல, யானையிர."

இரண்டு மணியானதும்
பிடுங்குகிற கை பிடுங்க
கண் ஏன் வெயிலையே அளக்கிறதென்று
ஏழு மாதம் பார்த்திருக்கிறேன்.
சோம்பல் என்று எழுதியிருக்கிறேன்.
சிவப்பில்.

இப்போது நிறுவை ஒழுங்கில்லை.
ஒருத்தி ஐந்து, ஒருத்தி நாலு,
பூரணம் இரண்டுதான்.
அந்த இரண்டில் தேடினாலும் ஒரு பிஞ்சு கிடையாது.
பிந்தினவளின் நிரையை
யாரோ பாதி முடித்து வைத்திருக்கிறார்கள்.
யாரென்று கேட்டால்
காற்றைக் காட்டுகிறார்கள்.

எல்லாம் சரியாகிவிடவில்லை.
கேதீஸ் கட்டாருக்குப் போய்விட்டான்.
அங்கே ஊக்கம் ரியாலிலாம்.
வேலியில் கரண்ட் இரண்டு நாளாக இல்லை.
கூலியைக் கூட்டச் சொல்லி
அண்ணருக்கு மூன்று தரம் எழுதிவிட்டேன்.
அதற்குக் குரற்பதிவு இன்னும் வரவில்லை.

இன்றைக்குக் கேட்டிருக்கிறார்:
"இந்த மாசம் ஆர்? படம் அனுப்பு."
கல்லில் இருந்த குக்கரை எடுத்து அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.
பிறகு,
"ஏன் இவ்வளவு கறுத்துப்போச்சு?"

பதில் தட்டத் தொடங்கினேன்.
இரண்டாவது விசில்.
அழித்தேன், திரும்பத் தொடங்கினேன்.
மூன்றாவது.
போனைக் கொப்பிக்குள் வைத்து மூடிவிட்டு
எழும்பினேன்.
இன்றைக்கு உப்பு
என் முறை.